நெற்றியில் ஒளி பாய்ச்சி மோப்பத்தை அளக்க முடியுமா?

பர்மாவில், ரங்கூனை அடுத்த சிரியம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொரோனா வந்து போனதிலிருந்து அவருடைய அம்மாவுக்கு வாசனை சரியாகத் தெரிவதில்லை. அடுப்பில் ஙாப்பி (பர்மிய மீன் விழுது) கருகினால்கூடப் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிகிறதாம். நெற்றியில் ஒளி பாய்ச்சி, வாசனைக்கு மூளை அசைகிறதா என்று பார்க்கும் கருவி வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். "அம்மாவைப் பாங்காக்குக்கோ சென்னைக்கோ கூட்டிப்போய் அந்தச் சோதனையைச் செய்தால், கோளாறு மூக்கிலா மூளையிலா என்று தெரிந்துவிடுமா?" என்பது கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கருவி இருப்பது உண்மை, அதன் அறிவியலும் உறுதியானது. ஆனால் உங்கள் அம்மாவின் கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதற்காகக் கடன் வாங்கி விமானம் ஏற வேண்டாம். நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவன். இப்போது இந்தக் கருவியை வைத்து ஆய்வு செய்யும் இடத்தில்தான் வேலை பார்க்கிறேன். இதன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. எதை அளக்கும், எதை அளக்காது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அப்போதுதான் நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று புரியும்.

இருட்டில் கைபேசியின் டார்ச்சை விரலோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். விரல் முழுக்கச் சிவப்பாக ஒளிரும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது, சிவப்பு மட்டும் சதையைத் தாண்டி வெளியே வருகிறது. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் நன்றாக ஊடுருவும். ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளி தோல், எலும்பு, மூளை உறை எல்லாவற்றையும் ஓரளவு கடந்து போகும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977-ல் இதைப் பயன்படுத்தி, உடலைத் திறக்காமலே மூளையிலும் இதயத்திலும் ஆக்சிஜன் நிலையைக் கவனிக்கலாம் என்று காட்டினார். 1990-களின் தொடக்கத்தில், மூளை வேலை செய்யும்போது ஏற்படும் மாற்றத்தையே இப்படி அளக்க முடியும் என்று ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் தனித்தனியாகச் செய்து காட்டினார்கள். இந்த முறையைச் சுருக்கமாக எஃப்நிர்ஸ் என்கிறார்கள்.

இது அளப்பது நேரடியாக மூளை நரம்பின் மின்சாரத்தை இல்லை, இரத்தத்தைத்தான். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கும் விதம் வேறு, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் விழுங்கும் விதம் வேறு. சுமார் 800 நானோமீட்டரில் இரண்டும் ஒரே அளவு விழுங்கும். அதற்குக் கீழே ஆக்சிஜன் இறங்கியது அதிகம் விழுங்கும், மேலே ஆக்சிஜன் ஏறியது அதிகம் விழுங்கும். அதனால் 760, 850 போல இரண்டு அலைநீளங்களில் மாற்றி மாற்றி ஒளியை அனுப்பி, திரும்பி வருவது எவ்வளவு என்று பார்த்தால், இரண்டு வகை ஹீமோகுளோபினும் எவ்வளவு கூடின, குறைந்தன என்று கணக்குப் போட்டுவிடலாம்.

மூளையின் ஒரு பகுதி வேலையைத் தொடங்கினால் அங்கே இரத்தம் கூடுதலாகப் பாயும். தேவைக்கு மேலேயே பாயும்: ஒரு பாத்தி காய்கிறது என்று மடையைத் திறந்தால் அந்தப் பாத்தி குடிப்பதைவிட அதிகத் தண்ணீர் வந்து நிற்குமே, அப்படி. அதனால் வேலை நடக்கும் இடத்தில் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கூடும், இறங்கியது குறையும். இது உடனே நடக்காது. வாசனை மூக்கில் பட்ட பிறகு உச்சத்துக்கு வர ஐந்தாறு நொடி ஆகும்.

சரி, எவ்வளவு ஆழம் போகும்? இங்கேதான் மோப்பத்துக்குச் சிக்கல். நெற்றியில் ஒளி விடும் முனையும் ஒளியைப் பிடிக்கும் முனையும் பெரியவர்களுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்கப்படும். ஒளி உள்ளே போய், சிதறி, வளைந்த பாதையில் திரும்பி வரும். அது எட்டும் ஆழம் இடைவெளியில் ஏறத்தாழப் பாதி. ஒன்றரை சென்டிமீட்டர் என்று வையுங்கள். அதில் பெரும்பகுதி தோலுக்கும் மண்டை ஓட்டுக்குமே போய்விடும். மிஞ்சுவது மூளையின் மேல் அடுக்கு மட்டும்.

மோப்பமோ மூளையின் அடித்தளத்தில் நடக்கும் காரியம். மூக்கின் உச்சியில், இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள சிறிய திட்டில் மோப்ப நரம்புச் செல்கள் இருக்கின்றன. மனிதனிடம் சுமார் 400 வகை மோப்ப ஏற்பிகள் வேலை செய்கின்றன. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-ல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செல்களின் நூல் போன்ற இழைகள் சல்லடையாகத் துளைத்த எலும்பின் வழியே மேலேறி நுகர்குமிழை அடைகின்றன. அங்கிருந்து பிரிஃபார்ம் என்ற பகுதிக்கும், பயம், பாசம், நினைவு இவற்றோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும் செய்தி போகிறது. கண் பார்ப்பதும் காது கேட்பதும் தலாமஸ் என்ற நடுநிலையத்தில் இறங்கி ஏறித்தான் மேற்பகுதிக்குப் போகும். வாசனைக்கு அந்த நிறுத்தம் இல்லை, நேராகவே போய்விடும். கடைசியில் கண்குழிக்கு மேலே இருக்கும் முன்மூளையின் அடிப்பகுதிக்கு வரும். ஆர்பிட்டோஃப்ரன்டல் என்பார்கள். 1992-ல் மான்ட்ரியாலில் ராபர்ட் ஸடோரியும் அவரது குழுவும் பெட் ஸ்கேன் மூலம் ஆட்களுக்கு வாசனை காட்டிப் பார்த்தபோது இரண்டு பக்கப் பிரிஃபார்மும், வலப்பக்கத்து ஆர்பிட்டோஃப்ரன்டலும் எழுந்தன.

இந்த வழியில் நுகர்குமிழ், பிரிஃபார்ம், அமிக்டலா எதுவும் நெற்றி ஒளிக்கு எட்டாது. எட்டுவது ஆர்பிட்டோஃப்ரன்டலின் வெளி ஓரமும் அதை ஒட்டிய முன்மூளைப் பகுதிகளும்தான். வாசனை உள்ளே வந்ததா என்பதைப் பதிவு செய்யும் இடம் இதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. "இது என்ன, எனக்குப் பிடிக்கிறதா, சாப்பிடலாமா" என்று மூளை எடை போடும் கட்டத்தின் ஒரு ஓரத்தைத்தான் நாம் ஒளியால் பார்க்கிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஙாப்பி வதங்கும் வாசனை வந்தால் நமக்குப் பசி கிளம்பும். தமிழ்நாட்டிலிருந்து முதல் தடவை வந்த உறவினர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போவார். இரண்டு மூக்கிலும் ஏறுவது ஒரே மூலக்கூறுகள்தான். 2005-ல் ஆக்ஸ்ஃபோர்டில் டி அராவ்ஜோ, எட்மண்ட் ரோல்ஸ் குழு இதையே துல்லியமாகச் சோதித்தது. ஐசோவலெரிக் அமிலம் கலந்த ஒரே வாசனையை ஒரு தடவை செடார் பாலாடைக்கட்டி என்று எழுதிக் காட்டியும், ஒரு தடவை உடல் நாற்றம் என்று எழுதிக் காட்டியும் முகரச் சொன்னார்கள். பாலாடைக்கட்டி என்று படித்தபோது வாசனை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆர்பிட்டோஃப்ரன்டலின் பதிலும் அதற்கேற்ப மாறியது. இது காந்த ஸ்கேனில் (எம்.ஆர்.ஐ.) பார்த்தது. நெற்றி ஒளிக்கும் இதே பாடம்தான்: இரண்டு பேருக்கு வரும் அளவு வேறு வேறாக இருந்தால், ஒருவருடைய மூக்கு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பழக்கம், பசி, நினைவு, எதிர்பார்ப்பு எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. உங்கள் அம்மாவின் நெற்றியில் சின்னப் பதில் வந்தால், மோப்ப நரம்பு இன்னும் வளரவில்லையா, ஆய்வகத்தில் கொடுத்த அந்நியமான வாசனையில் அவருக்கு அக்கறையில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் இந்தக் கருவி எதற்கு? வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்கு. 2000-ல் ஸ்டாக்ஹோமில் மார்க்கோ பார்டோச்சியும் சகாக்களும், பிறந்து சில மணி நேரத்திலிருந்து எட்டு நாள் வரை ஆன குழந்தைகளின் நெற்றியில் ஒளி முனைகளை வைத்து, வெனிலா வாசனையும் தாயின் சீம்பால் வாசனையும் காட்டினார்கள். இரண்டுக்கும் முன்மூளையில் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கூடியது. அடுத்த வருடம் குறைமாதக் குழந்தைகளிடம், மருத்துவமனையில் புழங்கும் காரமான வாசனைகளைக் காட்டியபோது அது குறைந்தது. இன்குபேட்டரில் கிடக்கும் ஒரு பிஞ்சு, தன்னைச் சுற்றி அடிக்கும் மருந்து வாசனையை உணர்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பச்சைக் குழந்தையின் மண்டை ஓடு மெல்லியது, முடியும் குறைவு. ஒளி ஆழமாகவே போகும். அசையாமல் படு என்று சொல்ல வேண்டியதில்லை, தூங்கும்போதே அளக்கலாம். மறதி நோயால் பேச்சு குழம்பிய முதியவர்களிடமும் இதே நன்மை உண்டு.

காந்த ஸ்கேனுக்கும் மோப்பத்துக்கும் ஒரு தீராத தகராறு இருக்கிறது. ஆர்பிட்டோஃப்ரன்டல் பகுதி மூக்கின் காற்றறைகளுக்கு மேலேயே இருப்பதால், காற்றும் சதையும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் கலைந்து படம் அங்கே மட்டும் அழிந்துபோகும். ஒளி முறைக்கு அந்தத் தொல்லை இல்லை. சத்தமும் இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே அளக்கலாம், கருவியைப் பெட்டியில் எடுத்துப் போகலாம். மோல்மேன், பெகு போன்ற பர்மிய ஊர்களுக்கே கொண்டுபோய்ச் செய்யலாம் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை.

சோதனை எப்படி நடக்கும் என்றும் சொல்கிறேன். வந்தவரை உட்காரவைத்து முதலில் நெற்றியைத் துடைப்போம். நம் ஊரில் இது முக்கியம்: தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசியிருப்பார்கள், திருநீறு குங்குமம் இருக்கும். அந்தத் தூள் ஒளியைச் சிதறடித்துவிடும். அப்புறம் முடியை ஒதுக்கி முனைகளை அழுத்தி வைத்து, ஒவ்வொரு முனைக்கும் போதிய ஒளி திரும்புகிறதா என்று பார்ப்போம். கறுத்த தோலும் அடர்ந்த கறுப்பு முடியும் ஒளியை அதிகம் விழுங்கும், அதனால் நம்மைப் போன்றவர்களிடம் சமிக்ஞை பலவீனமாக வரலாம். அதற்குத் தக்கபடி ஒளியின் அளவைக் கூட்டி, முனைகளை நிதானமாகச் சரிசெய்ய வேண்டும். "இவர்களிடம் தரவு சரியாக வரவில்லை" என்று கறுத்தவர்களின் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தை வைத்து மனித மூளை இப்படித்தான் என்று எழுதுவது அறிவியலே இல்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனமில்லை.

வாசனையைக் கொடுப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. பஞ்சில் நனைத்து மூக்கருகே காட்டினால், ஆள் கையைப் பார்த்தே தயாராகிவிடுவார். மூளை வாசனைக்கு எழுந்ததா, எதிர்பார்ப்புக்கு எழுந்ததா என்று தெரியாது. அதனால் உடல் சூட்டுக்குச் சமமாகச் சூடேற்றி ஈரமாக்கிய காற்று மூக்குக்குள் ஓடிக்கொண்டே இருக்க, அதே ஓட்டத்தில் வாசனையை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடும் கருவி வேண்டும். ஜெர்மனியில் கெர்ட் கோபால் 1970-களில் உருவாக்கிய வழி இது. சில நொடி வாசனை, அப்புறம் அரை நிமிடத்துக்கு மேல் வெறும் காற்று, மறுபடி வாசனை என்று பல சுற்று போகும். இடைவெளி விடாவிட்டால் மூக்கு பழகிப்போய்ப் பதில் சொல்வதை நிறுத்திவிடும்.

வெறும் காற்றை முகர வைக்கும் சுற்று கட்டாயம் வேண்டும். மூச்சை உள்ளே இழுப்பதே மோப்ப மூளையை எழுப்பும் என்று நோவம் சோபெல் குழு 1998-ல் காட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டாலும் தொல்லைதான்: இரத்தத்தில் கரியமில வாயு ஏறும், உடனே மூளை முழுக்க இரத்தம் கூடும். பார்ப்பவருக்கு அது அழகான மோப்பப் பதிலாகத் தெரியும். இதயத்துடிப்பு நொடிக்கு ஒன்று, மூச்சு, அதற்கும் மெதுவாகப் பத்து நொடிக்கு ஒரு முறை எழுந்து அடங்கும் இரத்த அழுத்த அலை எல்லாம் சமிக்ஞையில் கலந்திருக்கும். நெற்றித் தோலே சிவந்து வெளுக்கும் இடம். கோபமோ அருவருப்போ வந்தால் தோலிலும் இரத்தம் மாறும். அதைக் கழிக்க, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இன்னொரு முனை வைப்போம். அது தோலை மட்டும் பார்க்கும், அதைப் பெரிய அளவிலிருந்து கழித்தால் மூளை மிஞ்சும். இந்தக் குட்டி முனை இல்லாமல் செய்த பழைய முடிவுகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

இத்தனை கழித்தலுக்குப் பிறகும் ஒருவரிடம் ஒரு நாள் எடுத்த அளவு ஆடிக்கொண்டே இருக்கும். இருபது முப்பது பேரின் அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் உருவம் தெளியும். ஆய்வுக்கு அது போதும். ஓர் அம்மாவுக்கு மருத்துவம் சொல்ல அது போதாது.

இனி உங்கள் அம்மா. கொரோனா கிருமி பெரும்பாலும் மோப்ப நரம்பைத் தாக்குவதில்லை. அந்த நரம்புகளைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களில்தான் அது நுழையும் வாசல் இருக்கிறது. துணைச் செல்கள் சாய்ந்தால் நரம்பும் வேலையை நிறுத்தும். நல்ல செய்தி என்னவென்றால், மோப்ப நரம்புச் செல்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கக்கூடியவை. கோளாறு மூக்கிலா மூளையிலா என்ற கேள்விக்குக் கொரோனாவுக்குப் பிந்திய நிலையில் பெரும்பாலும் மூக்கின் உச்சிதான் பதில். காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தால் சதை வளர்ச்சியோ அடைப்போ இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு தெரிகிறது என்று அளக்க, முகர்ந்து பெயர் சொல்லும் சோதனைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1984-ல் வந்த, நாற்பது வாசனை உள்ள புத்தகச் சோதனையும், ஜெர்மனியில் 1990-களில் வந்த வாசனைப் பேனாக்களும் உலகெங்கும் புழங்குகின்றன. ஆனால் அமெரிக்கச் சோதனையில் ரூட் பியர் போன்ற, நம் வீட்டில் யாரும் முகர்ந்தே இராத வாசனைகள் வரும். அதில் அம்மா தோற்றால் மூக்கைக் குறை சொல்லக் கூடாது. வீட்டிலேயே கண்ணை மூடச் சொல்லி, அவர் ஆண்டாண்டாகப் புழங்கிய பொருட்களைக் காட்டுங்கள்: பெருங்காயம், ஏலக்காய், ஙாப்பி, கருவாடு, காப்பித்தூள், மல்லிகை. எது தெரிகிறது, எது தெரியவில்லை, எது வேறு மாதிரி அடிக்கிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். தலைவலித் தைலத்தை இதில் சேர்க்காதீர்கள். மெந்தால், அம்மோனியா போன்றவை எரிச்சலையும் குளிர்ச்சியையும் உணர்த்தும் முக நரம்பையே தொடும், மோப்பம் அறவே போனவருக்கும் அது தெரியும். "தைலம் தெரிகிறதே, அப்போ மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்று பல வீடுகளில் ஏமாந்துபோகிறார்கள்.

பயிற்சி உதவும். டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் 2009-ல் வெளியிட்ட முறையில் நான்கு வாசனைகள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் இரவும், 12 வாரம். பயிற்சி செய்தவர்களிடம், செய்யாதவர்களைவிட முன்னேற்றம் அதிகமாக இருந்தது. நான்கும் ரங்கூன் தெய்ஞ்சி சந்தையில் ஒரே நடையில் கிடைக்கும். ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து நொடி மெதுவாக முகர்ந்து, அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று மனதில் கொண்டுவரச் சொல்லுங்கள். எண்ணெயை மூக்கில் தடவக் கூடாது, சின்னப் புட்டியில் பஞ்சில் விட்டு முகர்ந்தால் போதும். யூகலிப்டஸில் மேலே சொன்ன எரிச்சலும் கலந்திருக்கும், அதனால் முன்னேற்றத்தை மற்ற மூன்றை வைத்துப் பாருங்கள்.

நடுவில் காப்பி, வெங்காயம், வறுத்த கறி எல்லாம் அழுகல் மாதிரியோ ரசாயனம் மாதிரியோ அடிக்கிறது என்று அம்மா சொன்னால் பயப்பட வேண்டாம். காப்பியில் உள்ள கந்தகம் கலந்த சில மூலக்கூறுகள் இப்படித் திரிந்து தெரியும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். புது நரம்புகள் மீண்டும் இணையும் காலத்தில் இது பலருக்கு வருகிறது. அந்த நாட்களில் வதக்கியதையும் வறுத்ததையும் குறைத்து, ஆறிய சாதம், தயிர் என்று கொடுங்கள். சாப்பாட்டையே வெறுத்து உடம்பு இளைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

சமையல் எரிவாயு வாசனையும் அவருக்குத் தெரியாது என்பதால், படுக்கும் முன் சிலிண்டரை மூடுவதை வீட்டில் வேறொருவர் பொறுப்பில் விடுங்கள். மீந்த குழம்பில் தேதி எழுதி வையுங்கள். கொரோனாவுக்கு முன்பே மோப்பம் மெல்ல மெல்லக் குறைந்துவந்தது என்றாலோ, கையில் நடுக்கம், நடையில் தயக்கம், அண்மையில் நடந்ததை மறப்பது இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தாலோ நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். பார்க்கின்சன், அல்சைமர் இரண்டிலும் மோப்பம் முன்கூட்டியே குறைவதுண்டு. தலையில் அடிபட்ட பிறகு போன மோப்பத்துக்கும் அதே மருத்துவர்தான். போகும்போது நீங்கள் எழுதி வைத்த அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.